சித்திரையில் கொட்டிய பனி

ஒரு பழைய காரில் இன்ஜினை ஆட்டிவைத்த கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. சித்திரை வெயிலில் அது, "ஐயோ, பனி கொட்டுது! உடம்பு சூடேற இன்னும் பெட்ரோல் குடிடா" என்று இன்ஜினை விரட்டியது.

"அண்ணே, நான் கொதிச்சுக்கிட்டிருக்கேன்" என்று கெஞ்சியது இன்ஜின்.

"நீ கொதிக்கிறியா இல்லையான்னு நான் சொல்லணும். குடி!"

பாவம், இன்ஜின் குடித்தது. கரும்புகை கக்கி, மூச்சுத் திணறி நடுரோட்டில் நின்றுபோனது.

மெக்கானிக் சகாயம் கம்ப்யூட்டரைக் கழற்றி, உள்ளே கசிந்துகிடந்த கெப்பாசிட்டர் என்ற சின்ன மின்பாகத்தை மாற்றி, திரும்பப் பொருத்தினார்.

கம்ப்யூட்டர் கண்விழித்தது. "அடேயப்பா, என்ன வெயில்!"

"இதைத்தானேண்ணே நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்?" என்றது இன்ஜின், அழாத குறையாக.

"பனி விட்டா வெயில் வரத்தான் செய்யும். அதுவரைக்கும் நீ உறைஞ்சுபோகாம காப்பாத்தினது யாரு?"

இன்ஜின் சற்று யோசித்தது.

"நீங்கதாண்ணே" என்று மனமுருகி நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியது.