ஓடிப்போகாத ஆள்

கல்முனையில் பாட்டுப் பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஜவ்பர் சலித்துப் போயிருந்தார். இசைப் பதிவுக்கென்று அவர் கொம்பியூட்டரில் போட்ட மென்பொருள் இரண்டையும் செய்த வெளிநாட்டுக் கொம்பனிகள் கடையை மூடிவிட்டன. பழுதென்றால் கேட்க ஆளில்லை. இனி உள்ளூர் ஆள்தான் சரி என்று, சொந்தமாக மென்பொருள் எழுதும் ஹில்மியைத் தேடிச் சாய்ந்தமருதுக்கு வந்தார்.

ஹில்மியின் வளவில் புது வீடொன்றுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. ஜவ்பருக்கு மனம் ஆறியது. வீடு கட்டுகிறவன் எங்கே ஓடப்போகிறான்?

"தம்பி, அஞ்சாறு வருசம் போனாலும் பழுதெண்டா வந்து பார்ப்பீங்கதானே?"

ஹில்மி தலையைச் சொறிந்தான். "பொய் சொல்லக் கூடா காக்கா. வாற கிழமை நான் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போறன்."

"அப்ப இந்த வீடு?"

"தங்கச்சிக்குச் சீதன வீடு. இதக் கட்டி முடிக்கத்தானே போறன்."