குருத்தோலை பற்றாத வருடம்

கத்தோலிக்க வாரப் பத்திரிகையில் நிருபராயிருந்து இறந்துபோன அப்பாவின் காகிதங்களைப் பேராலய ஆவண அறையில் பத்திரமாயிருக்கட்டும் என்று சலேத்மேரிதான் கொடுத்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவரைப் பற்றி அவர் எழுதி, பத்திரிகை கடைசிவரை போடாத கட்டுரைகளும் அதில்தான் இருந்தன. திருநீற்றுப் புதனன்று அவற்றைத் திரும்பக் கேட்டுப் போனபோது, பேராலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

“நெத்தியில பூசுற சாம்பலுக்கு இந்த வருசம் காஞ்ச குருத்தோலை பத்தலம்மா. கரையான் அரிச்ச பேப்பர்தானன்னு பங்குச்சாமி அதையும் சேத்து எரிக்கச் சொல்லிட்டாரு.”

பூசையில் அவளும் வரிசையில் நின்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் புதைபடப் போகிறவர்களும் அந்தப் பக்கம் புதைபடப் போகிறவர்களும் அப்பாவை நெற்றியில் வாங்கிக்கொண்டார்கள். வாசலைத் தாண்டியதும் அழுந்தத் துடைத்துக்கொண்டார்கள். சலேத்மேரியின் கையும் பழக்கத்தில் நெற்றிக்குப் போய்விட்டிருந்தது.