திருடனுக்கு மட்டும் மூன்று

“ஒரு ஆளுக்கு ஒரு மந்திரப் பொருள்னு சட்டம் போட்டது யாரு? நீங்க. அப்புறம் இவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு மூணு?” என்றான் ரகு.

சங்கரநாராயணன் பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முருகனுக்கே முகம் ஆறுதான். இந்தப் பகடைக்கு இருபது.

படப்பையில் ஒரு மெஸ். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் மூலை மேசை இவர்கள் ஆட்டத்துக்கு. சங்கரநாராயணன் கதை சொல்வார். மற்ற மூவரும் கதைக்குள் ஆட்கள். ரகு மந்திரவாதி. கவிப்பிரியா வில்லாளி. மகாராஜா, பெயருக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், திருடன். என்ன செய்யப் போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

மற்ற நாட்களில் ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனி. சங்கரநாராயணனுக்குத் தரப் பரிசோதனை வேலை. மயிரிழை கூடினாலும் பாகத்தில் சிவப்பு டேக் கட்டி ஒதுக்கிவிடுவார். அதே சிவப்பு டேக்கின் பின்பக்கம் படம் வரைந்து, மந்திரப் பொருள் என்று சொல்லி மகாராஜாவுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு கிளி. யார் என்ன சொன்னாலும் திருடனின் காதருகே வந்து திருப்பிச் சொல்லும். அப்புறம் கண்ணாடிக் கேடயம். திருடனிடம் பேசுகிறவர் அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் சொன்னது செல்லாது. போன வாரம் ஒரு மணி. அதை அடித்தால் கூச்சல் அடங்கி, ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசலாம்.

“கிளி கீதுன்னா நாங்க ரகசியம் பேச முடியாது. கேடயம் கீதுன்னா பின்னாலேந்து மந்திரம் போட முடியாது. மணி அடிச்சா பாதி மந்திரத்துல நான் ஊமை. இதுல பேலன்ஸ் எங்க கீது அண்ணாச்சி?”

சமநிலை என்பது தராசு பிடிப்பவர்களின் கவலை என்று நினைப்பவர்கள் ரகுவைச் சந்தித்ததில்லை.

“ஊர்ப் பாசம்ணா,” என்றாள் கவிப்பிரியா. “ரெண்டு பேரும் சங்கரன்கோவில். சேரப்பணஞ்சேரிக்காரிக்கு யாரு கிளி குடுக்கப் போறா?”

மகாராஜா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு ரகு பக்கம் திரும்பி, “என்னண்ணே, எம்மேல பொறாமையா?” என்றான். மெஸ் முழுக்கக் கேட்டது.

“தொண்டையப் பாரு. மூணு பொருள் வந்ததும் வந்த தெனாவெட்டு. அண்ணாச்சி, அந்த மூணும் இப்பவே மேசைக்கு வரணும். இல்லாட்டி அடுத்த வாரத்துலேந்து நான் வர்ல.”

விதிப்புத்தகம் ரகுவுடையது. பகடையும் அவனுடையது. அவன் வராவிட்டால் ஆட்டம் இல்லை.

சங்கரநாராயணன் நாற்காலியை மகாராஜாவை நோக்கித் திருப்பினார்.

“ஏல, திருப்பிக் குடுத்துருதியா?”

மகாராஜாவின் சிரிப்பு போய்விட்டது. “சரிண்ணே.” டேக்குகளை மேசை நடுவில் வைத்தான். கிளியைக் கடைசியாக வைத்தான்.

ரகுவுக்கே குழப்பமாக இருந்தது. சண்டை போடாமல் கொடுத்துவிட்டானே.

ஆட்டம் தொடங்கியது. உள்ளே சாயங்கால இட்லிக்கு மாவு அரைக்கக் கிரைண்டரும் தொடங்கியது.

“கயித்துப் பாலம்,” என்றார் சங்கரநாராயணன். “பலகை முறியுது. மந்திரவாதி ஒத்தக் கையில தொங்குதாரு. திருடன் பக்கத்துலதான் நிக்கான்.”

“மகாராஜா, கயிறப் போடு,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரகு.

மகாராஜா பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய், கயிறு உன்னாண்டதான் கீது. போடுடா.”

அசைவில்லை.

“அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க.”

“நான் சொல்லியாச்சு. திருப்பிச் சொல்லக் கிளி இல்லியே.”

பகடை உருண்டது. மந்திரவாதி ஆற்றோடு போனார்.

ரகு மகாராஜாவின் தோளைப் பிடித்துத் திருப்பினான். “பழி வாங்கிட்ட இல்ல? மூணு வருசமா வளத்த ஆளுடா.”

மகாராஜா அவன் வாயையே பார்த்துத் திகைத்தான். “விழுந்துட்டியளா? எப்பண்ணே? கயிறு எங்கிட்டதான இருக்கு, என்னைய ஏன் கூப்பிடல?”

கிரைண்டர் நின்றது.

“கூப்பிட்டா போட மாட்டேனாண்ணே?” மகாராஜா இன்னும் கிரைண்டரை மிஞ்சும் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தான். கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

ரகு தோளிலிருந்து கையை எடுத்தான்.

“இருங்கண்ணே, டீ வாங்கியாரேன்,” என்று மகாராஜா எழுந்து போனான்.

“மகாராஜா,” என்று ரகு பின்னாலிருந்து கூப்பிட்டான். கல்லாக்காரர் திரும்பினார். மகாராஜா திரும்பவில்லை.

ரகு மேசையைப் பார்த்தான். கிளி. கேடயம். மணி.

“தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல வேலை அவனுக்கு,” என்றார் சங்கரநாராயணன். “நாள் பூரா இடிச் சத்தம். காது பாதி போயிட்டு. தெரிஞ்சா நீங்க பாவம் பாத்து விட்டுக் குடுப்பியளாம். சண்டை போட்டு ஆடணும், சொல்லாதியன்னான்.”

கவிப்பிரியா தன் வில்லாளியின் குறிப்புத்தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

மகாராஜா டீயோடு திரும்பியபோது ரகு தன் நாற்காலியை அவனுக்கு நேர் எதிரே போட்டிருந்தான். மூன்று டேக்குகளையும் அவன் பக்கம் தள்ளினான். முகத்தை முறைப்பாக வைத்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

“என் மந்திரவாதியக் கொன்னுட்ட. அடுத்த வாரம் உன் கிளிய வறுத்துத் துன்னாம வுட மாட்டேன்.”

மகாராஜா கிளியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“இது கேட்டுச்சுண்ணே.”