கேமராவைப் பார்க்காதவர்

“தூக்கி நிறுத்தத் தெரியும். கடைசி வரை கூட நிற்கத் தெரியாது. அவரோட மொத்த சரித்திரமும் அவ்வளவுதான்,” என்றார் கிளப் செயலாளர்.

பொருளாளரான பல் டாக்டரும் தலையாட்டினார்.

அறையில் ஈர பூட்ஸ் வாடை. லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த கால்பந்து கிளப் அது. இந்த சீசனிலும் எழாவிட்டால் மைதானத்தையே பூட்டிவிடுவார்கள். மேனேஜர் வேலை கேட்டு வந்த ஒரே ஆள், அந்தப் பெரியவர், வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

மூழ்கிப்போன பல கிளப்புகளைக் கரையேற்றியவர்தான். ஒரு காலத்தில் இதே கிளப்பையும். வேலியில் காயும் பூட்ஸின் அடித்தேய்மானத்தைப் பார்த்தே, எவன் எந்தக் காலில் சாய்ந்து ஓடுகிறான் என்று சொல்லிவிடுவார். ஆனால் இங்கே ஃபைனல் நெருங்கிய வாரம், சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போய்விட்டார்.

கப்பை ஜெயித்தது அவருடைய உதவியாளர். கிளப்பின் ஒரே கப். அடுத்த மழைக்குள் அந்த உதவியாளரும் காலமாகிவிட்டார்.

சுவரில் அவர் படம். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, கப்பைக் கேமராவுக்குக் காட்டாமல் பக்கவாட்டில் எங்கேயோ தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ‘போட்டோவுக்கு நிற்கத் தெரியாத மனுஷன்’ என்று எல்லோரும் செல்லமாகக் கேலி செய்வார்கள்.

அவர் மனைவிதான் இப்போது கிளப் தலைவி. படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

பெரியவரை உள்ளே கூப்பிட்டார்கள். வந்தவர் ஜன்னல் கொண்டியைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் சரியாக மூடுவதில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டார். சிரிப்போடு நிமிர்ந்தவர் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நல்லா இருக்கியாம்மா?” என்றார் தலைவியிடம்.

செயலாளர் சுற்றி வளைக்கவில்லை. “அன்னைக்கு ஏன் சார் ஓடிப்போனீங்க?”

பெரியவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“பயம்தான். ஃபைனல்னா எனக்குக் கை நடுங்கும். தம்பிக்குத்தான் அந்தத் தைரியம் இருந்துச்சு. கப்பு அவனோடது.”

செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். இவரை நம்பி கிளப்பை ஒப்படைப்பது ஆடுகிற பல்லால் பட்டாணி கடிக்கிற கதைதான் என்றார் பல் டாக்டர்.

பெரியவர் திரும்பி வாசலுக்கு நடந்தார்.

“உட்காருங்கண்ணா,” என்றாள் தலைவி.

அவர் நின்றார்.

“என் வீட்டுக்காரருக்கு அதுதான் கடைசி சீசன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்கு வெளியே அது தெரிஞ்சது இவர் ஒருத்தருக்குத்தான். ஃபைனல் அன்னைக்கு அந்தத் தொப்பிக்குள்ள ஒரு முடி கிடையாது.”

“பழசெல்லாம் எதுக்கும்மா?” என்றார் பெரியவர்.

“கப்பு அவரோடதாவே இருக்கட்டும்னு நானும் இவ்வளவு நாள் வாயைத் திறக்கலை. போதும்ணா.”

எழுந்து, படத்தின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு மற்ற இருவர் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு இவர் வேலிக்கு வெளியே, கூட்டத்தோட கூட்டமா நின்னுக்கிட்டிருந்தார். கேமராவைப் பார்க்காம யாருக்குக் கப்பைக் காட்டுறார்னு இத்தனை வருஷமா கேலி பண்ணீங்களே... இவருக்குத்தான்.”