கார்குழலியின் வளர்ச்சி டைரி

காட்டுப்பள்ளியில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் கார்குழலி வேலை பார்த்தாள். பதவி உயர்வு வேண்டுமென்றால் அன்றாடம் கற்றுக்கொண்டதை டைரியில் எழுத வேண்டும் என்று மேனேஜர் பெனிஷா சொல்லியிருந்தாள். எல்லோரும் பயபக்தியோடு எழுதினார்கள். கார்குழலி டைரியை விரித்து அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டாள்.

"லாரி வந்துச்சு, லாரி போச்சு. இதுல இன்னாத்த கத்துக்கினோம்? எழுதுறானுங்களாம், கலீஜு பசங்க" என்று பக்கத்து மேசை அம்முவிடம் சொன்னாள்.

இன்டர்வியூ நாளன்று, ஒரு வரிகூட எழுதவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும் எண்ணத்தோடு பெனிஷாவின் அறைக்குள் போனாள்.

"மறுபடியும் ஏன் வந்தீங்க?" என்று பெனிஷா சிரித்தாள். "இப்பத்தானே டைரியப் படிச்சுக் காட்டிட்டுப் போனீங்க. அருமையா எழுதியிருக்கீங்க. சூப்பர்வைசர் வேலை உங்களுக்குத்தான்."

யார் வந்து போனது என்றுகூடத் தெரியாத இவளிடமா இத்தனை பேர் நல்ல பெயர் வாங்கத் தவிக்கிறார்கள்? கார்குழலி இளக்காரமாகச் சிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் கம்பெனி வேன் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"நீ அப்பவே ஏறிப் போய்ட்டியேம்மா" என்றார் வாட்ச்மேன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் மாறி வியாசர்பாடிக்கு வந்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அம்மா ஜன்னலைத் திறந்து, அந்நியரைப் பார்ப்பதுபோல் மரியாதையோடு பார்த்தாள்.

"கார்குழலி துன்னுகினு கீதும்மா. அதுக்கு பிரமோஷன் குட்த்துகீறாங்க. நீங்க யாரு, கூட வேல பாக்குறவங்களா?"