திட்டு வகுப்பு

டில்லியில் யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்பவர் காதில் அவரவர் தாய்மொழியில் மரியாதையான பேச்சாக விழச்செய்யும் காதுக்கருவி வந்ததிலிருந்து, தெய்வானைக்குச் சண்டை போடவே வழியில்லை. அவள் காயவைத்த வடகத்தின் மேல் மாடிவீட்டு குர்மீத் கவுர் தினமும் தண்ணீரைக் கொட்டினாள். கத்தினால், “நன்றி அக்கா, நீங்களும் நலம்தானே?” என்று பதில் வரும். திட்டுகளையெல்லாம் வாழ்த்தாக்கிவிடும் கருவி அது.

பொறுக்கமாட்டாமல், குர்மீத்தை அவள் மொழியிலேயே திட்டுவதற்காகத் தெய்வானை பஞ்சாபி வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாம் மாதம், எதிரே இருந்த தமிழ் வகுப்பிலிருந்து குர்மீத் வெளியே வந்தாள். இவளைப் பார்த்ததும் காதுக்கருவியைக் கழற்றி, இவளையும் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள்.

“நீ ஒரு எர்மை!”

தெய்வானைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“எருமை. ‘ரு’வை முழுங்காதே. எங்கே, இன்னொரு தடவை திட்டு!”