இரவுத் தபால்காரன் சாகிறானா?

இடுப்புக்குக் கீழே யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தெரியவில்லை. முதுகில் போட்ட ஊசி அப்படி. காது மட்டும் நன்றாகக் கேட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் சர்ஜன். இந்தப் பக்கம், தலைமாட்டில், மயக்க மருந்து டாக்டர்.

"நூறாவது இதழ் படிச்சிட்டீங்களா சார்?" என்றார் தலைமாட்டுக்காரர்.

பீப், பீப் என்று நிதானமாக நடந்துகொண்டிருந்த இதயத் துடிப்பு மிஷின் ஓட ஆரம்பித்தது.

இரவுத் தபால்காரன். முகத்தில் முகமூடி, தோளில் புறா, பையில் குற்றவாளிகளுக்கு மட்டும் கடிதங்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து மெக்கானிக் விடாமல் படிக்கும் காமிக்ஸ் தொடர். பழைய இதழ்கள் அத்தனையும் வீட்டுப் பரணில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. நூறாவது இதழோடு கதை முடிகிறது. தபால்காரன் சாகிறானா, வில்லன் டாக்டர் கோந்து சாகிறானா என்று ரசிகர்களுக்குள் சட்டையைப் பிடிக்காத குறை.

இதழ் நேற்றுதான் கைக்கு வந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இத்தனை நாள் குடலிறக்கத்தைப் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு அலைந்தவன் ஆபரேஷனுக்குத் தலையாட்டியதே, படுத்துக்கொண்டு நிம்மதியாகப் படிக்கலாம் என்றுதான். யாராவது முடிவை உளறிவிடுவார்களோ என்று இந்த வருட ரசிகர் மாநாட்டுக்குக்கூடப் போகவில்லை.

சர்ஜன் ஒரு நாள் படுத்தால் போதும் என்றார். மனைவிதான், நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காமிக்ஸைக் கண்டால் கரித்துக் கொட்டுவாளே தவிர, பாசக்காரி.

இதழ் இப்போது அவள் கைப்பையில், வெளியே வராந்தாவில், பத்திரமாக.

"ரெண்டு தடவை படிச்சிட்டேன்," என்றார் சர்ஜன். "கடைசிப் பக்கத்துல என்ன வேலை பண்ணிட்டாங்க பாத்தீங்களா?"

'நான் இன்னும் படிக்கல டாக்டர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"படிச்சதும் எனக்குப் போன வருஷ மாநாடுதான் ஞாபகம் வந்துச்சு," என்று தொடர்ந்தார் சர்ஜன். "டாக்டர் கோந்து வேஷத்துல போயிருந்தேன். தரையில இழுபடுற அங்கி, என் மாமியார் ராப்பகலா தைச்சது. தபால்காரன் வேஷத்துல ஒரு தடியன் வந்து வேணும்னே மிதிச்சுக் கிழிச்சுட்டான். தோள்ல தெர்மாகோல் புறா வேற. 'கோந்து போட்டு ஒட்டிக்கோ'ன்னு சிரிக்கிறான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் புறாவுக்கு மூக்கு வைக்க அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று.

கையில் கிடைத்துவிட்டான். அதுவும் திறந்த நிலையில்.

"அதை விடுங்க சார், கடைசிப் பக்கத்துக்கு வாங்க," என்றார் தலைமாட்டுக்காரர்.

காதைப் பொத்தலாம் என்றால் இரண்டு கையும் பக்கப் பலகைகளில் கட்டிக் கிடந்தன.

"வலிக்குது டாக்டர்."

"எங்க?"

யோசிக்க நேரமில்லை. "காதுல."

"காதுக்குப் பக்கத்து பில்டிங்," என்றார் சர்ஜன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மிஷின் தலைதெறிக்க ஓடியது. ரொம்பப் பயப்படுறார் போல என்று முணுமுணுத்தபடி தலைமாட்டுக்காரர் டிரிப்ஸில் எதையோ ஏற்றினார். 'தபால்காரன் என்ன பண்றான்னா' என்பது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜென்மத்தில் அவன் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

கண் திறந்தபோது வேறு அறை. பக்கத்தில் மனைவி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அவனுக்காக அவள் அழுது அவன் பார்த்ததே இல்லை. லிஃப்ட் குழியில் விழுந்து கால் ஒடிந்தபோதுகூட, பார்த்து இறங்கத் தெரியாதா என்றுதான் கேட்டாள். இப்போது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல, அழாத," என்றான், நாக்குக் குழற.

இது யார் நடுவில் என்பதுபோல அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அப்போதுதான் அவன் அவள் மடியைப் பார்த்தான். பிளாஸ்டிக் உறை கிழிந்து கிடந்தது. இதழ் கடைசிப் பக்கத்தில் விரிந்திருந்தது.

சொல்லாதே என்று கையைக் காட்டப் பார்த்தான். கை எழவில்லை.

"அந்தப் புறா என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

வருஷக்கணக்கில் அடித்துக்கொண்ட அத்தனை ரசிகர்களில், புறாவைப் பற்றி ஒருத்தன்கூட யோசித்ததில்லை.

மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. நர்ஸ் வந்து எட்டிப் பார்த்து, பயப்படாதீங்க, எல்லாம் முடிஞ்சிருச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள்.

"பழைய பேப்பர் அண்ணனா? நாளைக்குப் பரணைக் காலி பண்ண வரச் சொன்னேன்ல, வராதீங்க. ஆமா, மூணு மாசமா நான்தான் சொல்லிட்டிருந்தேன், அவர் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்னு. அதெல்லாம் சரிதாண்ணே."

அவனைப் பார்க்காமல், இதழை மெதுவாக மூடினாள்.

"பழசெல்லாம் நான் இன்னும் படிக்கல."